ஆர்ஓ டிஐ யூனிட், ஒன்றரை வருஷம் ஓட்டின அப்புறம்: உப்புத் தண்ணி டிரம்லயே பாசி வர்றவங்களுக்காக ஒரு ரிவ்யூ

வாங்கின வாரத்துல எழுதுற ரிவ்யூ இல்ல இது. நாலு ஸ்டேஜ் ஆர்ஓ டிஐ யூனிட், அதாவது கடல்மீன் டேங்க்குக்காக குழாய்த் தண்ணில கரைஞ்சிருக்குறத வடிகட்டி எடுக்குற மெஷின் ஒண்ண, ஒன்றரை வருஷமா ஓட்டிட்டு இருக்கேன், ரெண்டு தடவ செடிமெண்ட் ஃபில்டரும் கார்பனும் மாத்தியாச்சு, மூணு தடவ ரெசின் மாத்தியாச்சு, நடுவுல ஒரு தடவ நம்பி மோசம் போயி டேங்க் முழுக்க பிரவுன் பாசியும் பாத்தாச்சு, அதெல்லாம் சேத்துதான் சொல்றேன். கம்பெனி பேர் போடல, ஏன்னா இந்த மாதிரி யூனிட் எல்லாமே உள்ள கிட்டத்தட்ட ஒண்ணுதான், எதப் பாத்து வாங்கணும், வாங்கினதுக்கு அப்புறம் எப்படி வெச்சுக்கணும்ங்குறதுதான் விஷயம்.

முதல்ல இத ஏன் வாங்கினேன்னு சொல்லிடறேன். என்னோடது 120 லிட்டர் கடல்நீர் டேங்க், ஒரு ஜோடி க்ளவுன் மீனு, கொஞ்சம் சாஃப்ட் கோரல் (மெத்துன்னு இருக்குற பவளம்). வாரம் 12 லிட்டர் தண்ணி மாத்துவேன். ஒவ்வொரு வாரமும் கலக்க சோம்பலா இருக்குன்னு 50 லிட்டர் டிரம்ல ஒரே தடவ உப்பு கலந்து வெச்சு நாலு வாரத்துக்கு எடுத்து எடுத்து ஊத்துவேன். டிரம் வெள்ளை கலர், வெளிச்சம் உள்ள போற மாதிரி மெல்லிசு. குழாய்த் தண்ணிய புடிச்சு, குளோரின் போற மருந்து ஊத்தி, உப்பு போட்டு, பவர்ஹெட் (தண்ணிய சுத்த விடுற சின்ன பம்ப்) போட்டு சுத்த விடுவேன். ரெண்டாவது வாரம் டிரம்ல கைய விட்டா சுவரெல்லாம் வழுவழுன்னு இருக்கும், நகத்தால சுரண்டினா காஃபிப்பொடி கலர்ல ஒரு படலம் சுருண்டு வரும். மூணாவது வாரம் அது மேலேயே பச்சையா இன்னொரு படலம். அதயே டேங்க்ல ஊத்திட்டு, டேங்க்ல ஏன் பாசி வருதுன்னு லைட்ட கொறச்சுப் பாத்தேன், தீனிய கொறச்சுப் பாத்தேன், நத்தை விட்டுப் பாத்தேன். ரொம்ப வருஷமா கோரல் வளக்குற ரீஃப் டேங்க் வெச்சிருக்குற ஒரு அண்ணன் வீட்டுக்கு வந்தப்ப டேங்க்க பாக்கவே இல்ல, நேரா டிரம் மூடிய திறந்து உள்ள விரல விட்டுப் பாத்துட்டு, "தம்பி, பாசிக்கு சோறு இங்கேருந்துதான் போகுது, நீ அங்க போயி அடிச்சிட்டு இருக்க"ன்னு சொன்னாரு.

அவரு சொன்னது புரியணும்னா குழாய்த் தண்ணில என்ன இருக்குன்னு பாக்கணும். பாசிக்கு வேண்டியது வெளிச்சம், நைட்ரேட், பாஸ்பேட். பிரவுன் பாசி, அதாவது டயட்டம், அதுக்கு கூடுதலா சிலிகேட்டும் வேணும், ஏன்னா அதோட ஓடே சிலிக்காவாலதான் கட்டுது. குழாய்த் தண்ணில நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் இது மூணும் ஊருக்கு ஊரு கூடவோ கொறையவோ இருக்கும். குளோரின் மருந்து குளோரினைத்தான் எடுக்கும், இத தொடாது. ஒரு நாள் வாளில வெச்சா சரியாப் போயிடும்னு நெறைய பேரு சொல்வாங்க, குளோரின் பறந்து போகும், சில ஊர்ல குளோரினுக்கு பதிலா போடுற குளோரமின் அவ்ளோ லேசுல பறக்காது, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிகேட்டும் எங்கயும் போகாது. கொதிக்க வெச்சா இன்னும் மோசம், ஆவியா போறது வெறும் தண்ணி மட்டும்தான், மிச்சம் எல்லாம் கெட்டியாகி உள்ளயே நிக்கும்.

இங்க ஒரு கேள்வி எப்பவும் வரும், வீட்டுல குடிக்கிறதுக்கு வெச்சிருக்குற ஆர்ஓ தண்ணிய எடுத்துக்கலாமான்னு. நானும் ரெண்டு மாசம் அதான் பண்ணேன். முன்னாடிக்கு பரவாயில்ல, ஆனா அதுல டிஐ ஸ்டேஜ் (மிச்சம் இருக்குற அயனையும் ரெசின் மணி புடிச்சுக்குற கடைசி ஸ்டேஜ்) இருக்காது, அதவிட பெரிய விஷயம் நெறைய மெஷின்ல ருசிக்காக கொஞ்சம் குழாய்த் தண்ணிய திருப்பி கலந்து விடுவாங்க, இல்ல மினரல் சேப்பாங்க. என்னோடதுல டிடிஎஸ் மீட்டர் (தண்ணில எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுறது) வெச்சுப் பாத்தா 60. குடிக்க நல்ல தண்ணி, டேங்க்குக்கு இல்ல. யூவி லைட் இருந்தா அது கிருமியத்தான் கொல்லும், பாஸ்பேட்ட ஒண்ணும் பண்ணாது.

சரி யூனிட்டுக்கு வர்றேன். நாலு ஸ்டேஜ்னா, முதல்ல 5 மைக்ரான் செடிமெண்ட் ஃபில்டர், அடுத்தது கார்பன் பிளாக், அடுத்தது 75 ஜிபிடி மெம்பிரேன் (உப்ப தடுத்து தண்ணிய விடுற ஆர்ஓ சவ்வு, ஜிபிடின்னா ஒரு நாளைக்கு எத்தன கேலன்ங்குறது), கடைசில டிஐ ரெசின். மண்ணு தூசிய முதல் ஸ்டேஜ் புடிக்கும், குளோரின கார்பன் எடுக்கும். கார்பன் செத்துப் போயும் மாத்தாம ஓட்டினா குளோரின் நேரா மெம்பிரேன அரிச்சிடும், இருக்குறதுலயே வெல கூடுனது மெம்பிரேன், அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கார்பன மாத்திடுங்க, அதுல மிச்சம் புடிக்காதீங்க. குளோரமின் வர்ற தண்ணியா இருந்தா சாதா கார்பன் ஒண்ணு பத்தாது, அதுக்குன்னே இருக்குற கார்பனோ இல்ல ரெண்டு கார்பனோ போடணும்.

என் குழாய்த் தண்ணி டிடிஎஸ் 280 கிட்ட. மெம்பிரேன் தாண்டினா 7, டிஐ தாண்டினா 0. யூனிட்லயே ரெண்டு இடத்துல மீட்டர் வெச்சு குடுத்திருந்தாங்க, மெம்பிரேனுக்கு அப்புறம் ஒண்ணு, டிஐக்கு அப்புறம் ஒண்ணு. இது கண்டிப்பா வேணும், ஒரே மீட்டர் இருக்குற யூனிட்ட வாங்காதீங்க. ஏன்னா மெம்பிரேனுக்கு அப்புறம் 7 வர்ற இடத்துல 14 வந்தா, டிஐ ரெசின் பாதி நாள்லயே தீந்துடும், நடுவுல மீட்டர் இல்லன்னா ரெசின் கம்பெனியத்தான் திட்டிட்டு இருப்போம்.

வேகத்த பத்தி. 75 ஜிபிடின்னா கணக்குப்படி ஒரு நாளைக்கு 284 லிட்டர், மணிக்கு 12 லிட்டர் கிட்ட. ஆனா அது 60 பிஎஸ்ஐ அழுத்தம், 25 டிகிரி தண்ணிக்குத்தான். எங்க வீட்டுல அழுத்தம் 45தான், மணிக்கு 8 லிட்டர் வருது, 50 லிட்டர் டிரம் நிறைய ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும். அழுத்தம் கொறஞ்சா வேகம் மட்டும் இல்ல, மெம்பிரேன் உப்ப தடுக்குறதும் கொறையும். 40க்கு கீழ இருந்தா பூஸ்டர் பம்ப் இல்லாம வாங்காதீங்க. யூனிட்ல பிரஷர் கேஜ் குடுக்கல, இத ஒரு பெரிய கொறையாவே சொல்வேன், நான் தனியா வாங்கி மாட்டினேன்.

கழிவுத் தண்ணி மனசுக்கு கஷ்டமான விஷயம். ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு நாலு லிட்டர் வெளிய போகுது. ஒரு டிரம்முக்கு 200 லிட்டர். அத சாக்கடைல விட எனக்கு மனசு வரல, பைப்ப நீட்டி பெரிய டப்ல புடிச்சு துணி ஊற வைக்க, தரை தொடைக்க, பாத்ரூம் கழுவன்னு போகுது. அதுல உப்பு கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அழுக்குத் தண்ணி இல்ல. இந்த ஏற்பாட்ட யூனிட் வாங்கறதுக்கு முன்னாடியே யோசிச்சு வெச்சுக்குங்க.

இன்னொண்ணு, ஆன் பண்ணின உடனே வர்ற தண்ணி சுத்தமா இருக்காது. ராத்திரி முழுக்க நின்ன மெம்பிரேன்ல உப்பு இந்தப்பக்கம் கசிஞ்சு வந்திருக்கும். என் மீட்டர்ல முதல் நிமிஷம் 70 காட்டும், அப்புறம் 40, 20, அஞ்சு நிமிஷத்துல 7க்கு வந்து நிக்கும். அந்த முதல் அஞ்சு நிமிஷத் தண்ணிய டிஐக்குள்ள விடாம வெளிய திருப்பி விட ஒரு சின்ன வால்வு போதும், யூனிட்ல அதுவும் இல்ல, நானா போட்டேன். தினம் ரெண்டு லிட்டர் ரெண்டு லிட்டரா புடிக்கிறவங்களுக்கு ரெசின் சீக்கிரம் தீர்றதுக்கு காரணமே இதான், புடிச்சா ஒரே மூச்சுல டிரம் நிறைய புடிங்க.

இப்ப பாசி நின்னுச்சான்னு கேட்டா, அத வாயால சொன்னா நம்ப வேண்டாம், நான் பண்ணிப் பாத்தத சொல்றேன். யூனிட் வந்த வாரம் மூணு கண்ணாடி பாட்டில் எடுத்தேன். முதல் பாட்டில்ல குழாய்த் தண்ணி, உப்பு. ரெண்டாவதுல ஆர்ஓ டிஐ தண்ணி, அதே உப்பு, அதே அளவு. மூணாவதுல திரும்ப குழாய்த் தண்ணி, உப்பு, ஆனா பாட்டில் முழுக்க கருப்பு பேப்பர் சுத்தினேன். மூணுலயும் டேங்க்லேருந்து அரை மூடி தண்ணி விட்டேன், பாசி விதை எல்லாத்துலயும் சமமா இருக்கணும்ல. மூணையும் வெயில் படுற ஜன்னல்ல வரிசையா வெச்சேன். மூணு வாரம். முதல் பாட்டில் அடில காஃபி கலர் படலம், ஓரமெல்லாம் பச்சை. ரெண்டாவது, பின்னாடி பேப்பர வெச்சா எழுத்து படிக்கிற அளவுக்கு தெளிவு. மூணாவத பேப்பர உரிச்சுப் பாத்தா அதுவும் தெளிவாதான் இருந்துச்சு.

இதப் பாத்ததும் நானே நெனச்சேன், அட, கருப்பு டிரம் வாங்கியிருந்தாலே போதுமே, எதுக்கு இவ்ளோ பெரிய யூனிட்டுன்னு. ஆனா பேப்பர உரிச்ச அந்த மூணாவது பாட்டில திரும்ப அதே ஜன்னல்லயே வெச்சேன். பத்தே நாள், பிரவுன் ஆயிடுச்சு. அதாவது இருட்டு பாசிய நிறுத்தி வெச்சிருந்துச்சு, அவ்ளோதான், சோறு அப்படியே உள்ளதான் இருந்துச்சு. கருப்பு டிரம்ல வெச்சா டிரம் பளபளன்னு இருக்கும், அந்தத் தண்ணிய எடுத்து தினம் எட்டு மணி நேரம் லைட் எரியுற டேங்க்ல ஊத்தினதும் அங்க முளைக்கும். டிரம் சுத்தமா இருக்குன்னு நிம்மதியா இருக்குறவங்க நெறைய பேரு டேங்க்ல பாசியோட மல்லுக்கட்டுறது இதனாலதான்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

அதனால ரெண்டும் வேணும். தண்ணி சுத்தமா இருக்கணும், டிரம் இருட்டா இருக்கணும், ஏன்னா எவ்ளோ சுத்தமான தண்ணியா இருந்தாலும் டேங்க்ல போட்ட பம்ப்ப அப்படியே டிரம்ல போட்டா, கைய விட்டா, தூசி விழுந்தா கொஞ்சம் கொஞ்சமா சோறு சேரும். நான் இப்ப வெச்சிருக்குறது உணவுப் பொருளுக்கு பயன்படுத்துற கெட்டி பிளாஸ்டிக் டிரம், அடர் நீலம், மூடி இறுக்கமா. டிரம்முக்குன்னு தனி பவர்ஹெட், தனி ஹீட்டர், தனி மக், இது மூணும் டேங்க் பக்கம் போகவே போகாது.

டாப் ஆஃப் (ஆவியாகி கொறைஞ்ச தண்ணிய திரும்ப நெரப்புறது) பத்தி சொல்லாம விட்டா பாதி விஷயம் போயிடும். நெறைய பேரு வாட்டர் சேஞ்சுக்கு மட்டும் நல்ல தண்ணி கலப்பாங்க, ஆவியாகி கொறையுறதுக்கு குழாய்த் தண்ணிய ஊத்துவாங்க, ஒரு மக்குதானேன்னு. கணக்கு போட்டுப் பாருங்க, 100 லிட்டர் டேங்க்ல தினம் 2 லிட்டர் ஆவியாச்சுன்னா 50 நாள்ல 100 லிட்டர் குழாய்த் தண்ணி உள்ள போயிருக்கும். ஆவியா போனது வெறும் தண்ணி, உள்ள வந்ததுல இருந்த பாஸ்பேட்டும் சிலிகேட்டும் அத்தனையும் உள்ளயே. டேங்க்க முழுசா ஒரு தடவ குழாய்த் தண்ணில நெரப்பின மாதிரி. என் யூனிட் தண்ணில வாட்டர் சேஞ்ச விட டாப் ஆஃப்புக்குத்தான் அதிகம் செலவாகுது.

கலக்குற முறையையும் சொல்லிடறேன், ஏன்னா தண்ணி சரியா இருந்தும் கலக்குறதுல கோட்ட விட்டா அதுவும் டிரம்ல படலமாதான் தெரியும், பாசின்னு நெனச்சுப்போம். தண்ணிய முதல்ல புடிச்சு 25 டிகிரிக்கு கொண்டு வந்து, பவர்ஹெட் சுத்த விட்டு, அப்புறம் உப்ப கொஞ்சம் கொஞ்சமா போடணும். உப்பு மேல தண்ணிய ஊத்தக் கூடாது, கால்சியமும் கார்பனேட்டும் ஒரே இடத்துல கெட்டியா சேந்து சுண்ணாம்பா படிஞ்சிடும், அது திரும்ப கரையாது. லிட்டருக்கு 36லேருந்து 38 கிராம் வரும், ஆனா தராச நம்பாம, உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) பாருங்க, அத 35 பிபிடி ஸ்டாண்டர்ட் கரைசல்லதான் செட் பண்ணணும். கரைஞ்சு தெளிஞ்ச உடனே ஹீட்டர எடுத்துடுங்க. நாள் கணக்கா சூடா சுத்த விட்டா டிரம் சுவர்லயும் ஹீட்டர் மேலயும் வெள்ளையாவோ பழுப்பாவோ ஒரு படலம் படியும், ஆல்கலினிட்டியும் (தண்ணில இருக்குற கார்பனேட் அளவு) இறங்கும். பாசியா இல்ல இந்தப் படிவான்னு தெரியணும்னா கொஞ்சம் சுரண்டி வினிகர்ல போடுங்க, சுண்ணாம்புன்னா நுரைச்சு கரையும், பாசின்னா வழுவழுன்னு அப்படியே கிடக்கும்.

இப்ப நான் மோசம் போன கதை. அஞ்சாவது மாசம் மணல் மேல திரும்ப பிரவுன் தூசி. காலைல ப்ரஷ்ஷால கலச்சு விட்டா சாயங்காலம் லைட் எரியும்போது திரும்ப வந்துடும். மீட்டர்ல பாத்தா டிஐக்கு அப்புறம் 0, சில நாள் 1. யூனிட்டோட வந்த பேப்பர்ல 10 தாண்டினா ரெசின் மாத்துங்கன்னு போட்டிருந்துச்சு, அதனால தண்ணி மேல எனக்கு சந்தேகமே வரல. திரும்ப அதே அண்ணனுக்குத்தான் ஃபோன் பண்ணேன். "மீட்டர் கிடக்கட்டும், ரெசின் கலர் என்ன சொல்லு"ன்னாரு. டார்ச் அடிச்சுப் பாத்தேன், நீலமா இருந்த ரெசின்ல முக்கால்வாசி பழுப்பு.

விஷயம் என்னன்னா டிடிஎஸ் மீட்டர் தண்ணில எவ்ளோ கரண்ட் பாயுதுன்னுதான் பாக்குது. சிலிகேட் தண்ணில பெரும்பாலும் சிலிசிக் ஆசிடா இருக்கும், அது அயனா பிரியுறது ரொம்ப கம்மி, கரண்ட கடத்தாது, மீட்டர் கண்ணுக்கு படவே படாது. ரெசினும் அத லேசாத்தான் புடிச்சு வெச்சிருக்கும். ரெசின் நிறைய நிறைய, அதவிட பலமா ஒட்டுற அயன் வந்து இடத்த புடிச்சுக்கும், முன்னாடி புடிச்சு வெச்சிருந்த சிலிகேட்டையும் சேத்து வெளிய தள்ளும். அதாவது மீட்டர் 0 காட்டும்போதே டேங்க்குக்கு சிலிகேட் போக ஆரம்பிச்சிருக்கும். சிலிகேட் டெஸ்ட் கிட் வாங்கிப் பாத்தப்ப கலர் நல்லா ஏறுச்சு, புது ரெசின் போட்டதும் அதே டெஸ்ட் வெள்ளையா நின்னுச்சு. பத்து வரைக்கும் போலாம்னு பேப்பர்ல போட்டது எனக்கு உண்மையாவே கோவம், மீன் வெச்சிருக்குறவனுக்குன்னு விக்கிற யூனிட்ல அப்படி எழுதக் கூடாது. மீட்டர் 1 காட்டினாலே மாத்துங்க, கலர் மாறுற ரெசினா வாங்குங்க, மீட்டருக்கு முன்னாடி கலர பாருங்க.

இன்னொரு கோளாறும் இருந்துச்சு, டிஐ குழாய மெம்பிரேன் மேல படுத்த வாக்குல மாட்டியிருந்தாங்க. படுக்க வெச்சா ரெசின் அடில இறங்கி மேல ஒரு சந்து விழும், தண்ணி ரெசின தொடாம அந்தச் சந்து வழியாவே ஓடிடும். நான் நிமித்தி மாட்டி, கீழேருந்து மேல தண்ணி ஏறுற மாதிரி மாத்தினேன். அப்படியே இன்னொரு டிஐயும் வரிசையா சேத்தேன். முதல் டிஐ முழுக்க பழுப்பானதும் அத தூக்கிட்டு, ரெண்டாவத முதல் இடத்துக்கு கொண்டு வந்து, புதுச ரெண்டாவதுல போடுவேன். கசியுற சிலிகேட்ட ரெண்டாவது புடிச்சுக்கும், முதல் ரெசினயும் கடைசி வரைக்கும் பயன்படுத்திக்கலாம், வீணாகாது. இது பண்ணினதுக்கு அப்புறம் பத்து மாசமா மணல் வெள்ளையா இருக்கு.

சர்வீஸ் பரவாயில்ல. வந்த புதுசுல ஒரு ஃபிட்டிங்ல சொட்டு சொட்டா ஒழுகுச்சு, ஃபோட்டோ அனுப்பினேன், நாலு நாள்ல புது ஓ ரிங்கும் ஃபிட்டிங்கும் காசு வாங்காம அனுப்பினாங்க. அதுக்காக நல்லா சொல்லத்தான் வேணும். ஆனா ஒழுகுற சத்தம் கேக்காத இடத்துல யூனிட்ட மாட்டாதீங்க, டிரம்ல, நிறைஞ்சதும் தானா மூடுற ஃப்ளோட் வால்வு இல்லாம ராத்திரி ஓட விட்டுட்டு தூங்காதீங்க.

யாருக்கு இது வேண்டாம்னா, 40 லிட்டருக்கு கீழ சின்ன டேங்க் வெச்சிருக்குறவங்க, டிடிஎஸ் 0 இருக்குற தண்ணி பக்கத்துல கேன்ல கிடைச்சா அதயே வாங்கிக்கலாம், ஒவ்வொரு தடவையும் கைல மீட்டர் வெச்சு பாத்துட்டு வாங்கணும், கடைக்காரர் ரெசின் எப்ப மாத்தினாருன்னும் கேளுங்க, கேட்டா தப்பில்ல. ஏற்கனவே பாசி நெறஞ்சு கிடக்குற டேங்க்குக்கு யூனிட் வந்த மறுநாளே எல்லாம் போயிடும்னு எதிர்பாக்காதீங்க, கல்லுலயும் மணல்லயும் ஊறிப் போன பாஸ்பேட் மெதுவாத்தான் வெளிய வரும், எனக்கு பச்சை முடிப் பாசி முழுசா போக மூணு மாசம் ஆச்சு, அதுவும் வாரா வாரம் கையால புடுங்கிட்டே இருந்தேன்.

டிரம்ம இப்ப ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ காலியாக்கி, சிட்ரிக் ஆசிட் கரைச்ச தண்ணில பவர்ஹெட்ட ஒரு மணி நேரம் ஓட விட்டு, ஆர்ஓ டிஐ தண்ணியாலயே அலசி, கவுத்து காய வெச்சுட்டுத்தான் திரும்ப நெரப்புறேன். போன வாரம் கழுவும்போது உள்பக்கம் விரலால தேச்சுப் பாத்தேன், கிரீச்னு சத்தம் வந்துச்சு.